புது சென்சார் போட்டும் ஏர்பேக் லைட் அணையவில்லை, ஏன்?

திருமங்கலத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணே, ஏர்பேக் லைட் எரிஞ்சுக்கிட்டே இருக்கு. ஸ்கேன் போட்டா டிரைவர் சீட் பொசிஷன் சென்சார்னு வருது. புதுசு வாங்கிப் போட்டேன், மறுபடியும் அதே எரர் கோடு. புதுசும் டூப்ளிகேட்டா?"

இதில் அந்தப் "புதுசு வாங்கிப் போட்டேன்"தான் என்னை உறுத்துகிறது. வழக்கமாகப் பார்ப்பவர்களுக்கு நான் வாய் வலிக்கச் சொல்வது தெரியும்: ஸ்கேனர் தெருவைத்தான் சொல்லும், வீட்டு நம்பரைச் சொல்லாது. சென்சார், கனெக்டர், வயர், ஏர்பேக் கம்ப்யூட்டர் எல்லாம் அதே தெருதான். தம்பி முதல் வீட்டுக் கதவை மட்டும் தட்டியிருக்கிறார்.

சீட் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று சொல்லும் இந்த சென்சார் சீட் ரெயிலில் இருக்கும். பெரும்பாலும் ஹால் எஃபெக்ட் வகை, அதாவது காந்தப்புலத்தை வைத்து நிலையைக் கண்டுபிடிப்பது. இரண்டு வயர்தான் என்றால் மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்துப் பார்ப்பது வீண். அது மாற்றுவது கரண்டை: ஒரு நிலையில் சுமார் 5, 6 மில்லிஆம்பியர், மறு நிலையில் 15 பக்கம். அதனால் ஸ்கேனரில் லைவ் டேட்டாவைத் திறந்து வைத்துக்கொண்டு சீட்டைக் கடைசி வரை முன்னும் பின்னும் தள்ளுங்கள். நிலை ஒழுங்காக மாறினால் சென்சார் நல்லது. நடுவில் விட்டு விட்டு வந்தால் வயரைப் பாருங்கள்.

சித்திரைத் திருவிழா முடிந்தால் இந்தக் கோளாறோடு வண்டி வரும். ஆற்று மணலோடு ஏறி உட்கார்வார்கள், அப்புறம் உள்ளே தண்ணீர் விட்டுக் கழுவுவார்கள், கனெக்டர் பச்சை பூத்துவிடும். மேலூர் வண்டி ஒன்றில் கதையே வேறு. சீட்டுக்கு அடியில் எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் மாட்டி, சீட் நகரும்போதெல்லாம் வயரை நசுக்கியிருக்கிறது. அந்தப் பாட்டிலைக் காணோம் என்று அவர்கள் வீட்டில் பெரிய சண்டையே நடந்திருக்கிறது! அதிலும் சென்சாரில் ஒரு குறையும் இல்லை. தெரு, வீடு... சரி, விடுங்கள்.

கை வைக்கும் முன் பவர் சீட்டாக இருந்தால் போல்ட் தெரியும்படி நகர்த்திவிட்டு, அப்புறம் பேட்டரியைக் கழற்றுங்கள். உடனே தொடாதீர்கள். விபத்தில் பேட்டரி நசுங்கினாலும் பை வெடிக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் கெபாசிட்டரில் சார்ஜ் வைத்திருக்கும். எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று சர்வீஸ் மேனுவலில் இருக்கும். நான் 10 நிமிடம் டீ குடித்துவிட்டு வருவேன். மஞ்சள் கனெக்டர் ஏர்பேக் லைனுடையது, அதில் மீட்டர் முனையை வைக்கவே கூடாது. அறுந்த வயரை முறுக்கி டேப் சுற்றுவதும் வேண்டாம். மேனுவல் அனுமதித்தால் கிரிம்ப் ஜாயிண்ட் (உலோகக் குழாயில் வயரை நுழைத்து அழுத்தி இணைப்பது), இல்லாவிட்டால் ஹார்னெஸையே, அதாவது வயர் கட்டையே, மாற்றுங்கள். கடைசியில் ஸ்கேனரில் எரர் கோடை அழித்துப் பாருங்கள்.

சென்சாருக்குப் பதில் ரெசிஸ்டர் வைத்துக் கம்ப்யூட்டரை ஏமாற்றி லைட்டை அணைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். சீட் முன்னால் இருந்தால் பை குறைந்த வேகத்தில் விரியட்டும் என்பதற்குத்தான் இந்த சென்சார்.

தம்பி கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். மாட்டுத்தாவணி சிக்னலில் பாருங்கள், பாதிப் பேர் ஸ்டீரிங்கைக் கட்டிப்பிடித்துத்தான் ஓட்டுகிறார்கள். நெஞ்செலும்புக்கும் ஸ்டீரிங் நடுவுக்கும் 25 சென்டிமீட்டராவது வேண்டும். குள்ளமானவர்கள் பெடல் எட்டவில்லை என்றால், சீட்டைக் கொஞ்சம் முன்னால் வைத்துச் சாய்வைப் பின்னால் தள்ளுங்கள், ஸ்டீரிங்கை நெஞ்சைப் பார்த்து இறக்குங்கள். டேப் வைத்தே அளந்து பாருங்கள், கண் மதிப்பு வேண்டாம்.