பாத்திக் விற்று வாங்கிய நிலம்

வணக்கம், நேயர்களே.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் திருவான்மியூரைத் தாண்டிப் போனால் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல ஓவியர் கிராமம் இருக்கிறது. 1966-இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவரைச் சுற்றியிருந்த இளம் ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்து உருவாக்கிய இடம். இந்திய நவீனக் கலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதைச் சொல்லாமல் போவதில்லை. ஆனால் அந்த நிலத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது? நவீன ஓவியத்தைக் காசு கொடுத்து வாங்க அன்றைய சென்னையில் ஆட்கள் மிகக் குறைவு. ஓவியர்கள் தங்களுக்குள் ஒரு கைவினைச் சங்கம் அமைத்துக்கொண்டு, துணியில் மெழுகு தீட்டிச் சாயத்தில் நனைத்து பாத்திக் செய்தார்கள். அது நன்றாக விற்றது. அந்த வருமானம்தான் நிலமாக மாறியது.

அந்தத் துணிகளைக் கலை என்று சொல்வதா, பிழைப்புக்குச் செய்த வேலை என்று சொல்வதா? பெரும்பாலும் பிழைப்பு என்றுதான் சொல்லிக் கடந்துபோகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாத்திக் செய்கிறவர் தலைகீழாக யோசிக்க வேண்டும். எந்த இடம் வெள்ளையாக நிற்க வேண்டுமோ அதை முதலிலேயே மெழுகால் மூட வேண்டும். வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறத்துக்குப் போக வேண்டும். ஒருமுறை சாயம் ஏறினால் திருத்த வழியில்லை. சென்னை ஓவியர்களின் படங்களில் கோடு அவ்வளவு உறுதியாக நிற்பதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது என் கணிப்பு.

ஆடை வடிவமைப்புக்கும் சமகாலக் கலைக்கும் நடுவிலிருந்த எல்லை மங்கிவிட்டது என்று இப்போது நிறையப் பேர் சொல்கிறார்கள். சரி, மங்கட்டும். ஆனால் ஓர் ஆடையில் கலை எங்கே இருக்கிறது என்று கேட்டால், பலர் அதன் மேல் அச்சிட்ட படத்தைக் காட்டுகிறார்கள். அங்கே தேடினால் கிடைக்காது என்பதைத்தான் இன்று சொல்ல வந்தேன். வெட்டிலும் தையலிலும் நெசவிலும் அதைத் தேட வேண்டும்.

எல்லோரும் எடுத்துக்காட்டும் ஆடை ஒன்று உண்டு. 1965-இல் பாரிசில் ஆடை வடிவமைப்பாளர் ஈவ் சான் லோரான், டச்சு ஓவியர் மோந்திரியானின் கறுப்புக் கோடுகளையும் சிவப்பு, மஞ்சள், நீலக் கட்டங்களையும் ஆடையாக்கினார். ஓவியத்தைத் துணிமேல் ஏற்றிவிட்டார் என்று மேலோட்டமாகச் சொல்லிவிடலாம். ஆனால் அது அச்சிட்ட துணி இல்லை. ஒவ்வொரு கட்டமும் தனித்தனிக் கம்பளித் துண்டு. தனித்தனியாக வெட்டி இணைத்தது. மனித உடம்பு தட்டையானது அல்ல. மார்புக்கும் இடுப்புக்கும் துணியை வளைத்தாக வேண்டும். வளைத்தால் தையல் தெரியும், தட்டையான ஓவியம் கெட்டுப்போகும். அந்த வளைவுகள் அத்தனையையும் அவர் கட்டங்கள் சேரும் தையல்களுக்குள்ளேயே மறைத்தார். உடம்பின்மேல் ஒரு தட்டையான ஓவியம் எப்படி நிற்கும் என்ற கேள்விக்குக் கத்தரிக்கோலால் சொன்ன பதில் அது. அந்த ஆடையில் நான் கலை என்று மதிப்பது இதைத்தான். கட்டங்கள் மோந்திரியானுடையவை.

இதே அளவுகோலோடு நம் ஊர்ப் பட்டுக்கு வருவோம். ரவிவர்மாவின் ஓவியங்களை முந்தானையில் நெய்த புடவைகள் வந்திருக்கின்றன. அதில் இருக்கும் கைத்திறனை நான் வணங்குகிறேன். ஆனால் அங்கே தறி ஓவியத்துக்கு வேலைக்காரனாக இருக்கிறது. கோர்வைப் புடவையை எடுத்துக்கொள்ளுங்கள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ஊடு நூலைக் குறுக்கே கொண்டுபோகும் நாடாக்கள் மூன்று ஓட வேண்டும். ஒரு பக்கத்து நாடாவைத் தள்ள இன்னொருவர் உடன் உட்கார வேண்டும். ஒவ்வோர் ஊடு இழையிலும் கரை நூலும் உடல் நூலும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டும் சந்திக்கிற இடத்தில் பல் பல்லாக ஏறிப்போகும் ரேக்கு இருக்கிறதே, அது வெறும் அலங்காரம் இல்லை. இரண்டு நிறங்களை எப்படி இணைப்பது என்ற சிக்கலுக்குத் தறியே கண்டுபிடித்த வடிவம். கண்காட்சியில் வண்ணப் பரப்புகளின் எல்லையைப் பற்றிப் பேசும் ஓர் ஓவியத்துக்குமுன் நாம் பத்து நிமிடம் நிற்கிறோம். தி.நகர்க் கடையில் இந்தப் புடவையைப் பத்து நொடியில் மடித்துவிடுகிறார்கள்.

எண்ணிக்கைதான் இரண்டையும் பிரிக்கிறது என்பார்கள்: கலை ஒன்றே ஒன்று, ஆடை ஆயிரம். நம் சட்டமும் ஏறக்குறைய அப்படித்தான் நினைக்கிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 15-ஆவது பிரிவைப் பாருங்கள். வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்யத்தக்க ஒரு வடிவத்தைப் பதிவு செய்யாமல் விட்டு, அதைக் கொண்ட பொருளைத் தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் உற்பத்தி செய்தால், அந்த வடிவத்துக்கான பதிப்புரிமை போய்விடும். பதிவு செய்தால் முதலில் 10 ஆண்டு, பிறகு நீட்டித்தால் இன்னும் 5 ஆண்டு. ஓர் ஓவியத்துக்கோ ஓவியரின் ஆயுளும் அதற்கப்பால் 60 ஆண்டும். சட்டம் எங்கேயாவது ஒரு கோடு போட்டாக வேண்டும், அதைப் புரிந்துகொள்கிறேன். ஆனால் ஜெர்மானியக் கலைஞர் ஜோசப் பாய்ஸ் 1970-இல் ஃபெல்ட் துணியில், அதாவது நெய்யாமல் அழுத்திச் செய்த தடித்த துணியில், ஒரு கோட்டும் கால்சட்டையும் தைக்கவைத்தார். தன்னுடைய சொந்த உடுப்பை மாதிரியாக வைத்து, கைகளையும் கால்களையும் மட்டும் நீளமாக்கி. அதில் 100 பிரதிகள். அவை இன்று கலைக்கூடங்களில் தொங்குகின்றன. ஒரே ஒரு மணப்பெண்ணுக்காகத் தைத்த ரவிக்கை எங்கேயும் தொங்குவதில்லை.

அப்புறம், ஹுசைன் சலாயன். சைப்பிரஸ் தீவில் நிக்கோசியாவில் பிறந்தவர். 1974-இல் அந்தத் தீவு பிளவுபட்டு மக்கள் வீடுகளை விட்டு ஓடினார்கள். 2000-ஆம் ஆண்டு லண்டனில் அவர் நடத்திய ஆடைக் காட்சியின் கடைசியில் மேடைமேல் ஒரு வரவேற்பறை. நாற்காலிகள், நடுவே ஒரு வட்ட மர மேசை. பெண்கள் வந்து நாற்காலி உறைகளைக் கழற்றி ஆடையாக உடுத்துகிறார்கள். நாற்காலிகள் மடிந்து பெட்டிகளாகின்றன. கடைசியாக ஒரு பெண் மேசையின் நடுவில் இறங்கி நின்று, அதை இடுப்புக்கு உயர்த்த, அது அடுக்கடுக்கான பாவாடையாக விரிகிறது. அறை காலியாகிவிடுகிறது. பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்களின் குடும்பங்களும், இலங்கையிலிருந்து கையில் கிடைத்ததோடு படகேறியவர்களின் குடும்பங்களும் வாழும் ஊர் இது. அந்தக் காட்சி என்ன சொல்கிறது என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பாவாடையைப் போட்டுக்கொண்டு யாரும் கடைக்குப் போக முடியாது. ஆனாலும் அது ஆடைதான்; ஓர் உடம்பு உள்ளே புகுந்தால்தான் அதன் பொருளே வருகிறது.

ஜப்பானிய ஆடை வடிவமைப்பாளர் ரேய் கவகுபோ 1997-இல் சட்டைகளுக்குள் பஞ்சுத் திண்டுகளை வைத்து முதுகிலும் இடுப்பிலும் புடைக்கச் செய்தார். அவற்றைப் போலவே ஒரு நடனக் குழுவுக்கும் உடைகள் செய்து கொடுத்தார். நடனத்துக்காகத் துணி செய்வது நமக்குப் பழக்கமான வழி. 1937-இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்திராவில் நெசவுக்கூடம் தொடங்கியதும் மேடைக்கு வேண்டிய துணிக்காகத்தான். 1950களில், கைத்தறிக்காகப் பாடுபட்ட புபுல் ஜெயகரின் முயற்சியில் தொடங்கிய நெசவாளர் சேவை மையங்களில் ஓவியர்கள் சம்பளத்துக்கு வேலை பார்த்தார்கள். சென்னை மையத்தில் ரெட்டப்ப நாயுடு, மும்பையில் கே.ஜி. சுப்பிரமணியன். எழும்பூர்க் கவின்கலைக் கல்லூரியில் இன்றும் ஓவியத் துறையும் துணி வடிவமைப்புத் துறையும் ஒரே வளாகத்தில்தான் இருக்கின்றன. அந்த மாணவர்கள் ஒருவர் வகுப்பில் இன்னொருவர் போய் உட்கார வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இன்னொரு கதை சொல்லி முடிக்கிறேன். சென்னையைச் சுற்றிய பகுதிகளில் நெய்த கட்டம்போட்ட பருத்தித் துணி, மெட்ராஸ் என்ற பேரோடு மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறியது. நைஜீரியாவில் நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் வாழும் கலாபரி மக்கள் அதை அப்படியே உடுத்திக்கொள்வதோடு நிற்கவில்லை. அங்குள்ள பெண்கள் ஊசியால் சில இழைகளை மட்டும் தூக்கி, பிளேடால் வெட்டி, உருவி எடுத்துவிடுகிறார்கள். நம் கட்டங்களுக்குள் அவர்களுடைய உருவம் எழுகிறது. துணி சல்லடையாக மெலிந்து புதுத் துணியாகிறது. பெலெதே பிதே என்று அதற்குப் பெயர். மேலே எதையும் வரையவில்லை, அச்சிடவில்லை. நெய்தவர் பாவும் ஊடுமாக யோசித்ததை நூல் நூலாகப் படித்து, எது வேண்டாம் என்று முடிவெடுக்கிறார்கள். அதை உடுத்திக்கொண்டு விழாவுக்குப் போகிறார்கள்.

நன்றி. வணக்கம்.