பங்குச்சாமியாரும் பங்கு ஏடும்

மேதகு ஆயர் அவர்களே, எங்கள் பங்குச்சாமி அவர்களே, கிளைக்கிராமங்களிலிருந்து வந்திருக்கும் உபதேசியார்களே, அழைப்பை மதித்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஜமாத் தலைவர் அவர்களே, ஊர்த்தலைவர் அவர்களே, விசைப்படகுச் சங்கத்தாரே, நாட்டுப்படகுச் சங்கத்தாரே, கன்னியர் மடத்துத் தாய்மாரே, இன்றைக்குக் கடலுக்குப் போகாமல் கரையில் நின்றுவிட்ட என் உறவுகளே, எல்லாருக்கும் தோத்திரம்.

‘பங்குத்தந்தையின் வாழ்வும் பணியும்’ என்று தலைப்புத் தந்திருக்கிறீர்கள். பலிபீடம், ஏடு, கணக்கு என்று மூன்றாகப் பேசுகிறேன்.

ஞாயிறும் கடன்திருநாளும் (பூசைக்குக் கட்டாயம் வர வேண்டிய திருநாள்) ஒரு பூசையைப் பங்கு மக்களுக்காகவே சாமியார் ஒப்புக்கொடுக்க வேண்டும். அதற்குப் பூசைக்காசு கிடையாது. திருச்சபைச் சட்டம் 534 சொல்லும் கடமை இது. அடுத்தது நோயில் பூசுதல். புனித வாரத்தில் ஆயர் மந்திரித்துத் தரும் மூன்று எண்ணெய்களில் ஒன்று நோயாளருக்கானது. நெற்றியிலும் இரு கைகளிலும் பூசுவார்கள். நினைவு இருக்கும்போதே சாமியாரைக் கூப்பிட்டால் நோயாளி பாவசங்கீர்த்தனம் செய்யலாம், நற்கருணை வாங்கலாம். நம் சனமோ மூச்சு இழுக்கும்போதுதான் ஓடிவருகிறது. அலை எப்போது ஓய்வது, தலை எப்போது முழுகுவது?

இனி ஏடு, அதாவது ஞானஸ்நானமும் திருமணமும் பதியும் பங்குப் பதிவேடு. திருமணத்துக்கு முன்னால் மணமக்கள் பெயரைக் கோயிலில் அறிவித்து மூன்று ஓலை வாசிக்கிறோமே, அதன் கனம் என்ன என்று ஓரியூரைக் கேளுங்கள். லிஸ்பனில் 1647-இல் பிறந்து இந்த மறவர் சீமைக்கு வந்த குரு அருளானந்தர், அதாவது புனித ஜான் தெ பிரித்தோ. சேதுபதி குடும்பத்து உறவினர் தடியத்தேவன், நோய் நீங்கியதும் ஞானஸ்நானம் கேட்டார். அவருக்கு மனைவியர் பலர். “ஒருத்தியோடுதான் வாழ வேண்டும்” என்றார் சாமி. பெரிய இடத்து ஆள், கொஞ்சம் வளைந்து கொடுப்போம் என்று நினைக்கவில்லை. தடியத்தேவனும் முதல் மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் கிழவன் சேதுபதியின் உறவுப்பெண். புகார் அரண்மனைக்குப் போனது. சாமியைப் பிடித்து இராமநாதபுரம் கொண்டுபோய், அங்கிருந்து ஓரியூருக்கு அனுப்பினார்கள். சாவுக்கு முந்தைய நாள் கரியைக் குழைத்து உடன் குருக்களுக்குக் கடிதம் எழுதினார் அந்த மனிதர். மறுநாள், 1693 பிப்ரவரி 4, தலை வெட்டப்பட்டது. அந்த மண் இன்றும் சிவந்துகிடப்பதாக நம் சனம் அள்ளிக்கொண்டு போகிறது. ஒரு திருமணம் முறையாக இருக்க வேண்டும் என்பதற்காக உயிர் கொடுத்த பூமியில் திருமண ஏட்டை நாம் எப்படி வைத்திருக்கிறோம்?

ஞானஸ்நான ஏட்டில் பிள்ளையின் பெயர், பெற்றோர், ஞானப்பெற்றோர், கொடுத்த குரு, பிறந்த நாள், ஞானஸ்நானம் பெற்ற நாள், இடம் எல்லாம் இருக்க வேண்டும். உறுதிபூசுதலும் திருமணமும் பின்னால் அதே வரியின் ஓரத்தில் ஏற வேண்டும். பெண் பாம்பனில் ஞானஸ்நானம் பெற்று மூக்கையூரில் மணம் முடித்தால், மூக்கையூர்ச் சாமியார் பாம்பனுக்கு எழுதி அனுப்ப வேண்டும். தவறுவது பெரும்பாலும் அங்கேதான். பள்ளியில் சேர்த்தபோது ஞானஸ்நான நாளைப் பிறந்தநாளாகக் கொடுத்த வீடுகளும் உண்டு. ஏட்டில் சவரிமுத்து, ஆதாரில் சேவியர்!

கடலில் போன ஆள் திரும்பாதபோது இந்த வித்தியாசம் வீட்டையே முடக்கிவிடும். உடல் கிடைக்காவிட்டால், ஏழு ஆண்டு தகவல் இல்லாத பிறகே அரசுச் சட்டம் இறந்ததாகக் கொள்கிறது. திருச்சபையிலோ காலம் கடந்தது மட்டும் போதாது. சட்டம் 1707-இன்படி சாட்சிகளை விசாரித்து ஆயர் அறிவிக்க வேண்டும். எந்தப் படகு, கடைசியாகப் பார்த்தது யார், அன்றைய காற்று எப்படி என்று சாமியார் உடனே எழுதி வாங்கினால்தான் பின்னால் அவர் மனைவிக்கு மறுமணத்துக்கு வழி பிறக்கும். கூடப்போனவர் வேறு ஊருக்குத் தொழிலுக்குப் போய்விட்ட பிறகு எங்கே தேடுவது? அலை எப்போது ஓய்வது, தலை எப்போது முழுகுவது?

ஏடே இல்லாமல் போனால்? 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடிக் கோயிலில் சுவரைத்தான் விட்டுவைத்தது. புயலே வேண்டாம், உப்புக்காற்று போதும். இரும்பு பீரோ துருப்பிடித்து, தாள் ஒட்டி, நீல மை பரவிவிடும். கிழிந்த தாளில் செலோடேப் ஒட்டாதீர்கள். மஞ்சளாகி எழுத்தைத் தின்றுவிடும். லேமினேஷனும் கூடாது. பருத்தித் துணியில் சுற்றி, தரையிலிருந்து உயரமான மர அலமாரியில் வையுங்கள். பக்கம் பக்கமாகப் படமெடுத்து ஒரு பிரதியை மறைமாவட்ட அலுவலகத்தில் கொடுங்கள். பிழை இருந்தால் அடிக்கவோ சுரண்டவோ கூடாது. ஆதாரம் பார்த்துச் சாமியாரே ஓரக்குறிப்பாகத் திருத்திக் கையெழுத்திட வேண்டும். மேதகு ஆயர் அவர்களே, கடற்கரைப் பங்குகள் எல்லாவற்றுக்கும் இதைக் கட்டாயமாக்கித் தர வேண்டும் என்று இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

கணக்கைப் பற்றி ஒன்றே ஒன்று: பங்குக்கு நிதிக்குழு இருந்தே ஆக வேண்டும் என்கிறது சட்டம் 537. சாமியார் ஒருவர் தலையிலேயே பணப்பொறுப்பைச் சுமத்தாதீர்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 61 நாளும் விசைப்படகு கரையில்தான். வாரம் ஓர் அன்பியம் (பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு குழு) என்று பிரித்துக்கொண்டால் ஊர் முழுக்க ஏட்டைச் சரிபார்த்துவிடலாம். காலைப் பூசை முடிந்ததும் உபதேசியார் பங்கு அலுவலகத்தில் இருப்பார். ஆதார் நகல், பள்ளிச் சான்று, மணமானவர்கள் திருமணச் சான்று, எல்லாம் கொண்டுவாருங்கள். முதல் வாரம் கடற்கரைத் தெரு.