ஆக்கர் விழுந்த பம்பரமே வேண்டும்

(ஊர் நூலகத்தில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

பழைய விளையாட்டுச் சாமான் சேர்க்கிறேன் என்று சொன்னால் பலரும் முதலில் கேட்பது, "இதெல்லாம் இப்ப என்ன விலை போகும்?" என்பதுதான். கேட்பதில் தப்பில்லை. ஆனால் விலையை மனதில் வைத்துச் சேர்க்க ஆரம்பித்தால் கையில் எது வந்து சேரும் என்று யோசித்துப் பாருங்கள். பெட்டி பிரிக்காத பொம்மைக்கு நல்ல விலை, பிரித்ததற்குக் குறைவு, கீறல் விழுந்ததற்கு இன்னும் குறைவு. பொம்மைச் சந்தை பெரும்பாலும் இப்படித்தான் ஓடுகிறது. எந்தப் பிள்ளையின் கையும் படாத பொம்மைக்குத்தான் அங்கே மரியாதை. நான் கேட்டுக்கொள்வது இதற்கு நேர்மாறானது. பிள்ளைகள் ஆடித் தீர்த்த சாமானைச் சேருங்கள். அதை வைத்து எப்படி ஆடினார்கள் என்பதையும் கூடவே எழுதி வையுங்கள்.

மேசையில் இரண்டு பம்பரங்கள் இருக்கின்றன, பாருங்கள். ஒன்று திருவிழாக் கடையில் வாங்கியது. சாயம் பளபளக்கிறது. அதைப் பற்றிச் சொல்ல வேறெதுவும் இல்லை. இன்னொன்று எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தது. இதன் உடம்பெல்லாம் குழி. பம்பரம் ஆடியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வட்டத்துக்குள் மாட்டிக்கொண்ட பம்பரத்தை மற்றவர்கள் தங்கள் பம்பரத்தின் ஆணியால் குத்துவார்கள். அந்தக் குத்துக்கும் குழிக்கும் பெயர்தான் ஆக்கர். கிட்டத்தில் பார்த்தால் எல்லாக் குழியும் ஒரே மாதிரி இல்லை. சில ஆழமாக, வட்டமாக இருக்கின்றன. கையில் பிடித்து ஓங்கிக் குத்தியவை. சில நீண்ட கீறல்கள்; மேலிருந்து விட்ட பம்பரம் சுற்றியபடியே உரசிப் போனவை. ஆணியும் கடையில் வந்த ஆணி இல்லை. வேறொன்றை அடித்து, கல்லில் தேய்த்துக் கூராக்கியிருக்கிறார்கள். பக்கவாட்டில் ஒரு பிளவு ஓடுகிறது. இன்னும் ஒரு நல்ல குத்து விழுந்திருந்தால் இரண்டாகியிருக்கும். இத்தனையும் இந்தக் கட்டையில் எழுதியிருக்கிறது. விற்பவர் பார்வையில் இது கழிவு. எனக்கு இதுதான் வேண்டும்.

பம்பரத்துக்குப் பிறகு வந்த தலைமுறைக்கு பேபிளேடு, ஒன்றோடொன்று மோத விட்டு ஆடும் புதுப் பம்பரம். "நம்ம பம்பரத்தை அதுதான் அழிச்சிடுச்சு" என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தெருவெல்லாம் சிமென்ட் போட்ட பிறகு பம்பரத்துக்கு மண் எங்கே இருக்கிறது? அதோடு, பேபிளேடும் ஒரு பழைய பம்பரத்தின் பேரன்தான். ஜப்பானில் பேகோமா என்று ஒரு சின்ன இரும்புப் பம்பரம் உண்டு. வாளியின் வாயில் துணியை இழுத்துக் கட்டி, அதன்மேல் இரண்டை விட்டு மோத வைப்பார்கள். அதை மனதில் வைத்துத்தான் தகாரா நிறுவனம் 1999இல் பேபிளேடைக் கொண்டுவந்தது. அதற்குள்ளேயே எத்தனை தலைமுறை! முதலில் பிளாஸ்டிக், 2008இல் உலோகச் சக்கரம் வைத்தது, 2015இல் மோதினால் தெறித்துச் சிதறுவது, 2023இல் இன்னொரு வகை. இதைச் சேர்ப்பவர்கள் அடிமுனையைத் திருப்பிப் பாருங்கள். தேய்ந்திருந்தால் அது ஆடிய பேபிளேடு. ஆக்கரைப் போலவே அதுவும் ஒரு தடயம்.

சேகரிப்பு என்பதே வெளிநாட்டுப் பழக்கம் என்று நினைப்பவர்களுக்குக் கொலுவை நினைவுபடுத்த விரும்புகிறேன். வருஷத்துக்கு ஒரு புதுப் பொம்மை வாங்குவது, நவராத்திரி முடிந்ததும் பழைய வேட்டியில் சுற்றிப் பெட்டியில் வைப்பது, மகள் கல்யாணமாகிப் போகும்போது மரப்பாச்சி ஜோடியைக் கூடவே அனுப்புவது என்று நம் வீட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருவது இதைத்தான். மேல்படியில் மரப்பாச்சி, நடுவே பண்ருட்டி மண் பொம்மை, தஞ்சாவூர்த் தலையாட்டி. கீழே தரையில் பிள்ளைகள் போடும் பார்க்கில் பிளாஸ்டிக் யானை, சின்னக் கார்கள், கிரிக்கெட் டீம், ஒரு பார்பி. எல்லாத் தலைமுறைப் பொம்மையும் ஒரே கூடத்தில் நிற்பதை வேறெங்கே பார்க்க முடியும்? ஒரு குறை மட்டும் உண்டு. எந்தப் பொம்மை யார் வாங்கியது, எந்த ஊரில், எந்த வருஷம் என்பதெல்லாம் ஒரு பாட்டியின் நினைவில் மட்டும்தான் இருக்கிறது. எங்கும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள்.

அடுத்து, என் மனதுக்கு மிகவும் நெருக்கமான சொப்புச் சாமான். அம்பாசமுத்திரத்தில் இதைக் கடசல் பிடித்துச் செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? மரக்கட்டை சுற்றிக்கொண்டிருக்கும், உளி பட்டதும் சுருள் சுருளாகச் சீவல் விழும், கண் முன்னே ஒரு குடம் உருவாகிவிடும். சுற்றுகிற குடத்தின்மேல் சாய அரக்குக் கட்டியை அழுத்தினால், உரசும் சூட்டிலேயே அரக்கு இளகி மரத்தில் ஏறிக்கொள்ளும். தூரிகை தேவையில்லை. செய்து முடித்ததை ஓலைப் பெட்டியில் அடுக்கித் தருவார்கள்.

அந்த ஓலைப் பெட்டிக்குள் என்ன இருந்தது என்று எண்ணிப் பாருங்கள். உரல், உலக்கை, அம்மி, திருகை, ஆட்டுக்கல், அடுப்பு, குடம். அப்புறம் எவர்சில்வர் சொப்பு வந்தது. அதில் இட்லிப் பானை, டிபன் கேரியர், காப்பி டபரா. அதற்கும் பிறகு பிளாஸ்டிக் செட். அதில் காஸ் அடுப்பு, சிவப்பு சிலிண்டர், குக்கர், மிக்ஸி. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தமிழ்நாட்டுச் சமையலறை மாறிய கதை முழுவதும் தெரிகிறது. அம்மி எப்போது அடுக்களையை விட்டுப் போனது என்பதைப் பெரியவர்கள் மறந்திருக்கலாம். சொப்புக் கடைக்காரர் மறக்கவில்லை. அதனால் மரச் சொப்பு மட்டும் உசத்தி, பிளாஸ்டிக் குப்பை என்று ஒதுக்காதீர்கள். இன்று கடையில் தொங்கும் அந்த செட்டையும் ஒன்று வாங்கி வையுங்கள். மலிவாகக் கிடைக்கும் காலத்தில் யாரும் எடுத்து வைக்காத பொருள்தான் பிறகு தேடினாலும் கிடைக்காமல் போகும்.

1987இல் தொடங்கிய ஃபன்ஸ்கூல் என்ற பொம்மை நிறுவனம் இங்கே ஜி.ஐ. ஜோ என்ற படைவீரர் பொம்மைகளைச் செய்தது. அமெரிக்க அச்சுதான், ஆனால் பலவற்றுக்கு அங்கே இல்லாத நிறங்கள். அதனாலேயே வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இன்றும் இந்தியப் பொம்மைகளைத் தேடி வாங்குகிறார்கள். இந்தப் பொம்மையின் இடுப்புக்குள் ஒரு சின்ன ரப்பர் வளையம் இருக்கும். காலப்போக்கில் அது காய்ந்து அறும், பொம்மை இரண்டாகப் பிரிந்துவிடும். என்னிடம் இருக்கும் ஒன்றில் வளையத்துக்குப் பதில் மெத்தை தைக்கிற நூலைக் கட்டியிருக்கிறார்கள். புது வளையம் வாங்கிப் போட்டால் சரியாகிவிடும் என்று நண்பர்கள் சொன்னார்கள். நான் மாற்றவில்லை. அறுந்த ரப்பருக்கு ஒரு வீட்டில் யாரோ உட்கார்ந்து நூல் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அதை அவிழ்க்க எனக்கு மனம் வராது.

சேர்க்கவே முடியாத சாமான்களும் உண்டு. பூவரச இலைப் பீப்பி கொஞ்ச நேரத்தில் வாடிவிடும். நுங்கு வண்டியின் சக்கரம் காய்ந்து சுருங்கிவிடும். காவிரிப்பூம்பட்டினத்துப் பிள்ளைகள் குதிரை இல்லாமல் உருட்டிய மூன்று சக்கரச் சிறுதேரைப் பட்டினப்பாலை பாடுகிறது. அந்தத் தேர்களில் ஒன்றுகூட நமக்கு மிஞ்சவில்லை, பாட்டு மிஞ்சியது. இன்றைய நடைவண்டிக்கும் அதே மூன்று சக்கரம்தான். பொருளைக் காப்பாற்ற முடியாத இடத்தில் செய்யும் முறையைத்தான் காப்பாற்ற முடியும். கையில் இருக்கும் செல்போனில் படம் பிடியுங்கள். முகம் தெரிய வேண்டியதில்லை, கை தெரிந்தால் போதும்.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாக. பேட்டரியைக் கழற்றிவிட்டு எடுத்து வையுங்கள். கசிந்தால் உள்ளே எல்லாம் அரித்துவிடும். தகரச் சாமானை ஈரத்தில் விடாதீர்கள். செல்லுலாய்டு பொம்மை சீக்கிரம் தீப்பிடிக்கும்; விளக்குப் பக்கம் வேண்டாம். பழைய வர்ணங்களில் ஈயம் இருக்கக்கூடும். அதனால் தாத்தா காலத்துத் தகரப் படகைப் பேரப்பிள்ளைக்குக் காட்டுங்கள், வாயில் வைக்கக் கொடுக்காதீர்கள்.

வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டில் இருக்கும் ஒரு பொம்மையைப் பற்றி நாலு வரி எழுதிவிட்டுப் போங்கள்: யார் வாங்கியது, எந்த ஊர், எப்படி ஆடினீர்கள், எப்படி உடைந்தது. பொம்மை எனக்கு வேண்டாம், அது உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். இன்னொரு வேண்டுகோளும் உண்டு. பனையோலையில் கிலுகிலுப்பை முடையத் தெரிந்தவர்கள் யாராவது உங்கள் ஊரில், உங்கள் உறவில் இருந்தால் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள். உள்ளே கல்லைப் போட்டு வாயை மூடும் அந்தக் கடைசி முடிச்சை நான் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. எவ்வளவு தூரமானாலும் வருகிறேன்.

நன்றி. வணக்கம்.