அறக்கட்டளைக் கட்டடத்துக்கு ஆர்க்கிடெக்ட் யார்?

அறங்காவலர்களே, நிர்வாகக் குழுவினரே, வணக்கம்.

முதியோர் இல்லம் கட்டலாம் என்று தீர்மானம் போட்டதுமே கூட்டத்தில் ஒரு குரல் எழும்: "நம்ம பொருளாளரோட மருமகன் ஆர்க்கிடெக்ட்தான். இலவசமாவே செஞ்சு தர்றாராம்." அங்கேயே நிதானியுங்கள். இலவசமாக வருவது பெரும்பாலும் பிளான் மட்டும்தான். அதற்குப் பிறகு விவரப் படங்கள், அளவுப் பட்டியல், சைட் வருகை, ஒப்பந்ததாரர் பில்லைச் சரிபார்ப்பது என்று முக்கால்வாசி வேலை மிச்சமிருக்கிறது. காசு வாங்காதவரிடம் "தளம் போட்ட அன்று ஏன் வரவில்லை?" என்று கேட்க யாருக்கும் வாய் வராது. அவர் உதவ விரும்பினால் கட்டணத்தை முறையாகப் பேசி முடித்து, ஒரு பகுதியை நன்கொடையாகத் திருப்பித் தரட்டும். உறவினருக்கு நியாயமான கட்டணத்துக்கு மேல் போனால் வரிவிலக்குக்கே கேள்வி வரும். அதனால் இன்னும் இருவரிடமாவது எழுத்தில் விலை வாங்கி ஃபைலில் வையுங்கள்.

ஆளைத் தேடுமுன் நம் தேவையை நாமே எழுத வேண்டும். எத்தனை கட்டில், எத்தனை பேருக்குச் சமையல், இரவில் யார் தங்குவார்கள் என்பதெல்லாம் அதில் வர வேண்டும். அறைகளின் பரப்பைக் கூட்டினால் 6,000 சதுர அடி வருகிறதென்றால், சுவர், நடைபாதை, படிக்கட்டு சேர்ந்து கட்டப்போவது 8,000-ஐ ஒட்டி நிற்கும். இதைக் கணக்கில் எடுக்காமல் நிதி திரட்டினால் வேலை முதல் தளத்தோடு நின்றுவிடும்.

வருகிறவர் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டடக்கலை கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ளலாம். பதிவு எண் சி.ஏ. என்று தொடங்கும். கம்பி, தூண் கணக்கு அவருடையதல்ல. அதற்கு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் தனி. அந்த இன்ஜினியர் கணக்குப் போடுவதற்கு முன்பே மண் பரிசோதனை நடக்க வேண்டும். கரிசல் மண் மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும். அது தெரியாமல் அஸ்திவாரம் போட்டால் சுவர் பிளக்கும்.

இனி முக்கியமானது. பளபளக்கும் ஆல்பத்தை மூடி வைத்துவிட்டு, அவர் கட்டி ஐந்து வருடமான ஒரு கட்டடத்துக்குப் போங்கள். மேல்தளக் கழிவறைக்கு நேர் கீழே உள்ள கூரையை அண்ணாந்து பாருங்கள். மஞ்சள் கறை இருந்தால் நீர்க்காப்பு (வாட்டர்புரூஃபிங்) வேலையை அவர் கூடவிருந்து சரியாகப் பார்க்கவில்லை என்று சந்தேகப்படலாம். கழிவறைக் கதவு உள்பக்கம் திறக்கிறதா? உள்ளே விழுந்த முதியவரின் உடலே கதவை அடைத்துவிடும். அங்கே கூட்டிப் பெருக்கும் அம்மாவிடம் எங்கே தண்ணீர் தேங்குகிறது என்று கேளுங்கள். நிர்வாகியைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

நேர்காணலில் ஒரே ஒரு கேள்வி போதும் என்றால் இதைக் கேட்பேன்: சாய்தளம் எங்கே? சக்கர நாற்காலிக்குச் சரிவு 1-க்கு 12, அதாவது ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம். தரைமட்டம் இரண்டடி உயரம் என்றால் சாய்தளம் மட்டும் 24 அடி நீளம், மேலும் கீழும் திரும்ப இடம் வேறு. பிளானில் அதை முதல் நாளே வரைந்தவர் நமக்கான ஆள். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்பவர் கடைசியில் செங்குத்தாக ஒன்றைச் சேர்ப்பார். அதில் ஆள் ஏற முடியாது.

கட்டணத்தைச் செலவின் சதவீதமாக வைத்தால் செலவு ஏற ஏற அதுவும் ஏறும். பிளான் உறுதியானதும் மாறாத மொத்தத் தொகையாக மாற்றிவிடுங்கள். அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு; பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். அஸ்திவாரம், ஒவ்வொரு தளம், நீர்க்காப்பு என்று எந்தெந்த நாளில் சைட்டுக்கு வர வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் பெயர் சொல்லி எழுதுங்கள். டைல்ஸ் கடையிலோ ஒப்பந்ததாரரிடமோ கமிஷன் வாங்கக் கூடாது என்பதும் எழுத்தில் வரட்டும். இடையில் விலகினால் வரைபடக் கோப்புகளை ஒப்படைத்து, அடுத்தவர் பயன்படுத்த எழுத்தில் அனுமதி தர வேண்டும். வரைபடங்களின் பதிப்புரிமை (காப்பிரைட்) பொதுவாக அவரிடம் இருப்பதால் இது பின்னால் பெரிய சிக்கலாகும்.

கடைசித் தவணையைக் கையில் வைத்திருங்கள். பைப்பும் வயரும் உண்மையில் எந்தச் சுவருக்குள் ஓடுகின்றன என்று காட்டும் படங்கள் வந்து சேர்ந்த பிறகு அதைக் கொடுங்கள்.