இலக்கத் தகட்டில் ஏழு எழுத்துகள்

அவைத்தலைவர் அவர்களே, பெரியோர்களே, நண்பர்களே,

போரிலிருந்து மீண்டெழும் சமூகங்களில் தேசிய அடையாளம் என்னவாகிறது என்று பேச அழைத்திருக்கிறீர்கள். வண்டியின் இலக்கத் தகடு ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்த பொஸ்னியா ஹெர்சகோவினாவில் 1998-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த தகடு அது. அதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட எழுத்துகள் ஏழே ஏழு: ஏ, ஈ, ஜே, கே, எம், ஓ, டி (T). அந்நாட்டுச் செர்பியர்கள், ரஷ்ய மொழி எழுதப்படும் சிரில் எழுத்தைத் தம்முடையதாகக் கொண்டவர்கள். குரோவாசியர்களும், பொஸ்னிய முஸ்லிம்களான பொஸ்னியாக்கர்களும் இலத்தீன் எழுத்தில் எழுதுகிறவர்கள். இரு வரிவடிவங்களிலும் உருவும் ஒலியும் மாறாமல் நிற்கும் எழுத்துகளைத் தேடிப் பொறுக்கியபோது இந்த ஏழும்தான் கையில் மிஞ்சின.

அதற்கு முன்பு மூன்று தரப்புக்கும் மூன்று வகைத் தகடுகள் இருந்தன. போர் ஓய்ந்த பிறகும் ஒருவர் தம் வண்டியை நாட்டுக்குள்ளேயே தரப்புகளைப் பிரித்த எல்லைக்கோட்டைத் தாண்டி ஓட்டிச் சென்றால், அவர் யார் என்பதைத் தகடே எதிரில் வருபவனுக்குச் சொல்லிவிடும். கண்ணாடி உடைபடலாம், வழிமறிக்கப்படலாம். அந்த அச்சத்தில் இடிந்த வீட்டைப் போய்ப் பார்க்கவும், உறவினர் கல்லறைக்குப் போகவும் தயங்கியவர்கள் எத்தனையோ பேர். புதிய தகடு வண்டிக்காரர் எந்த ஊர், எந்த இனம் என்று சொல்வதில்லை. ஒருவருடைய எழுத்தையும் அது பறிக்கவும் இல்லை. மக்கள் மறுபடி சாலையில் இறங்கினார்கள்.

தமிழர்களாகிய நமக்கு இது தொலைதூரக் கதை அன்று. இலங்கையில் 1957-இல் வண்டித் தகடுகளில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து கட்டாயமானது. 1958-இல் அந்த எழுத்துடன் அரசுப் பேருந்துகள் வடக்கே வந்தபோது அதைத் தார்பூசி அழிக்கும் போராட்டம் நடந்தது. பதிலுக்குத் தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் தார்பூசப்பட்டன. அந்த ஆண்டு மே மாதத்தில் இனக்கலவரம் வெடித்தது. கலவரத்துக்கு வேறு காரணங்களும் இருந்தன என்றாலும், ஒரு தகட்டில் எந்த எழுத்து நிற்கிறது என்ற கேள்வி எவ்வளவு தூரம் போகும் என்பதை நாம் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள். சரியாக நாற்பது ஆண்டுகள் கழித்து இன்னொரு நாட்டில் அதே தகடு புண்ணை ஆற்றப் பயன்பட்டதை நான் மிகுந்த கவனத்தோடு பார்க்கிறேன்.

ஆனால் அந்தத் தகட்டைக் கொண்டுவந்தது அந்நாட்டு நாடாளுமன்றம் இல்லை; அமைதி உடன்பாட்டின் நடைமுறையை மேற்பார்க்க வெளிநாடுகள் அமர்த்திய உயர் பிரதிநிதியின் அலுவலகம். கொடியைப் பற்றியே உள்நாட்டுத் தலைவர்களால் ஒத்துப்போக முடியாமல், சர்வதேச உயர் பிரதிநிதியாக இருந்த ஸ்பானிய ராஜதந்திரி கார்லோஸ் வெஸ்டென்டார்ப் 1998 பிப்ரவரியில் தம் அதிகாரத்தைக் கொண்டு ஒரு கொடியை அறிவித்தார். தேசிய கீதம் கிடைத்தது; அதற்கு இன்றுவரை சொற்கள் கிடைக்கவில்லை. விளையாட்டரங்கில் இசை ஒலிக்கும்போது வீரர்கள் வாய் திறவாமல் நிற்கிறார்கள். எந்தச் சொல்லை எழுதினாலும் யாரோ ஒருவருக்கு அது காயமாகிவிடும் என்ற நிலை.

இந்த நிலைக்கு வேர் அமைதி உடன்பாட்டிலேயே இருக்கிறது. 1992 முதல் 1995 வரை நடந்த போரில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் இறந்தனர். மக்களில் பாதிப்பேர் வீட்டை விட்டு வெளியேறினர். 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்சாவில் மட்டும் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டனர். அமெரிக்காவின் டேட்டன் நகரில் அந்த நவம்பரில் எட்டப்பட்ட உடன்பாடு துப்பாக்கிகளை ஓயவைத்தது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. எனினும் அந்த உடன்பாட்டின் நான்காம் இணைப்புதான் நாட்டின் அரசியலமைப்பு. போரை நிறுத்துவதற்காக வரைந்த கோடுகளே நாட்டின் எலும்புக்கூடாக இறுகிவிட்டன. நாட்டின் தலைமையில் மூவர்: ஒரு பொஸ்னியாக்கர், ஒரு குரோவாசியர், ஒரு செர்பியர். இந்த மூவினத்தைச் சேராதவர்களுக்கு அந்த ஆவணம் வைத்திருக்கும் பெயர் 'மற்றவர்கள்'.

யாக்கோப் ஃபின்ட்சி ஒரு யூதர். பொது வாழ்வில் நன்கு அறியப்பட்டவர், பின்னாளில் நாட்டின் தூதராகவும் பணியாற்றியவர். அவருடைய யூதப் பிறப்பின் காரணமாகத் தலைமைப் பதவிக்குப் போட்டியிட முடியாது என்று 2007 ஜனவரியில் தேர்தல் ஆணையம் அவருக்கு எழுத்திலேயே பதில் கொடுத்தது. ரோமா இனத்தைச் சேர்ந்த தெர்வோ செய்டிச்சுக்கும் அதே தடை. இருவரும் தொடுத்த வழக்கில் 2009 டிசம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இது பாகுபாடே எனத் தீர்ப்பளித்தது. அதன்பின் பத்தாண்டுகளுக்கு மேல் கடந்தும் அரசியலமைப்பு திருத்தப்படவில்லை.

போருக்கு முன் எடுத்த 1991 மக்கள்தொகைக் கணக்கில் தம்மை 'யூகோஸ்லாவியர்' என்று எழுதிக்கொண்டவர்கள் இரண்டு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேல். கலப்பு மணம் செய்தவர்கள், அவர்களின் பிள்ளைகள், இனப்பெயர் வேண்டாம் என்று நினைத்தவர்கள் என்று பலரும் அதில் இருந்தார்கள். போர் முடிந்தபோது அவர்கள் நிற்கும் இடமே இல்லாமல் போயிற்று. மூன்றில் ஒன்றைப் பொறுக்கிக்கொள், இல்லையேல் 'மற்றவர்' ஆகிவிடு என்றது நாடு. தேசியவாதம் பகைவனை வெளியே தேடுவதைப் பற்றி நிறையப் பேசுகிறோம். தன் கூட்டுக்குள் அடங்க மறுப்பவனை அது எப்படிக் கரைத்துவிடுகிறது என்பதைப் பற்றிப் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் வருத்தம்.

ருவாண்டா இதற்கு நேர் எதிரான வழியில் போனது. பெல்ஜிய ஆட்சி 1930-களில் அடையாள அட்டையில் ஹூட்டு, டூட்சி என்று இனப்பெயரை எழுதிவைத்தது; 1994 இனப்படுகொலையின்போது சாலைத் தடுப்புகளில் அந்த ஒரு வரியைப் படித்தே ஆட்களைப் பிரித்துக் கொன்றார்கள். பிறகு வந்த அரசு அந்த வரியை நீக்கியது. நீக்கியது முழுக்கச் சரி. ஆனால் பிரிவினை பேசுவதாகக் குற்றம் சாட்டும் சட்டங்களும் உடன் வந்ததால், தன் வீட்டு இழப்பைத் தன் சொற்களில் சொல்லவே பலர் அஞ்சும் நிலை உண்டானது. அட்டையில் கேட்காமல் இருப்பது வேறு, வாயைத் திறக்கவிடாமல் செய்வது வேறு.

போரில் அடிபட்ட நாட்டுக்கு முதலில் வேண்டியது எல்லாரும் ஒரே உணர்ச்சியில் உருகும் தேசம் என்று நான் நம்பவில்லை. பள்ளியிலும் மருத்துவமனையிலும் சாலையிலும் 'நீ யார்' என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமலே ஒருவர் தம் காரியத்தை முடித்துக்கொண்டு வீடு திரும்ப முடிய வேண்டும். சொல்ல விரும்பினால் அச்சமின்றிச் சொல்லவும் முடிய வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் தேசம் என்ற பெயருக்கு மெல்ல மெல்லப் பொருள் சேரும்.

பொஸ்னியாவின் சிகரெட் பெட்டியில் 'புகைத்தல் கொல்லும்' என்ற எச்சரிக்கை மூன்று முறை அச்சாகிறது. இரண்டு வரிகள் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. மூன்றாவது அதே சொற்கள், சிரிலில். பொஸ்னியம், குரோவாசியம், செர்பியம் என மூன்று மொழிகள் என்பது சட்டம். ஆனால் 2014 பிப்ரவரியில் துஸ்லாவில் சம்பளம் கிடைக்காத ஆலைத் தொழிலாளர்கள் தொடங்கிய போராட்டம் பல நகரங்களுக்குப் பரவியபோது, ஒரு வாசகம் கைமாறி வந்தது: 'எங்களுக்கு மூன்று மொழிகளிலும் பசிக்கிறது.'

யாய்ட்சே என்ற சிறிய ஊரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்நாட்டில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகள் 'ஒரே கூரையின் கீழ் இரு பள்ளிகள்' என்ற முறையில் நடந்தன: ஒரே கட்டடம், இரு பாடத்திட்டம், சில இடங்களில் இரு வாயில். பிள்ளைகள் பேசுவதோ ஒருவருக்கொருவர் தடையின்றி விளங்கும் மொழி. யாய்ட்சேயில் பொஸ்னியாக்கப் பிள்ளைகளுக்குத் தனி உயர்நிலைப் பள்ளி திறக்க அதிகாரிகள் திட்டமிட்டபோது, 2016-இலும் 2017-இலும் பொஸ்னியாக்க, குரோவாசியப் பதின்வயதினர் இரு தரப்பினரும் சேர்ந்து தெருவில் நின்று எதிர்த்தார்கள். தங்களைப் பிரிக்காதீர்கள் என்று பெரியவர்களிடம் கேட்டார்கள். திட்டம் கைவிடப்பட்டது, 2018-இல் அவர்களுக்குச் சர்வதேச விருது ஒன்றும் கிடைத்தது. போர் நடந்தபோது அவர்களில் ஒருவர்கூடப் பிறந்திருக்கவில்லை. பிற ஊர்களில் அந்த இரண்டு வாயில்கள் இன்னும் திறந்துதான் இருக்கின்றன.