கையில் தூக்கிப் பார்த்து வாங்குங்கள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கோவையில் சிறு நிறுவனங்களுக்குக் கணினி தேர்ந்து வாங்கிக் கொடுப்பதும், வாங்கியதைப் பராமரிப்பதும் என் தொழில். நூல் மில், பனியன் கம்பெனி, ஆடிட்டர் அலுவலகம், பம்பு செட் பட்டறை என்று பலதரப்பட்ட வாடிக்கையாளர்கள். கொஞ்ச காலமாக அவர்களில் பலரும் கேட்பது ஒரே கேள்வி: "எடை குறைவா, தொடுதிரையோட, நல்ல லேப்டாப்பா ஒண்ணு வேணுங்க. லட்சம், ஒன்றரை லட்சம் ஆனாலும் பரவாயில்லை. எதை வாங்கட்டும்?"

அவ்வளவு பணம் போடுகிறவருக்குப் பதில் சொல்வது பொறுப்பான காரியம். முப்பதாயிரம் ரூபாய்க்கு வாங்கிய லேப்டாப் ஒத்துவராவிட்டால் இரண்டு வருடத்தில் மாற்றிவிடலாம். ஒன்றரை லட்சம் போட்டதை ஐந்து வருடமாவது வைத்திருந்தால்தான் போட்ட காசு தேறும். அதனால் நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பேன்: வாங்கிய பிறகு இதில் எதையெல்லாம் மாற்றவே முடியாது? எடை, திரை, ராம் நினைவகம், பக்கவாட்டில் வயர் சொருகும் துளைகள். இந்த நான்கில் தவறினால் பிறகு திருத்த வழியில்லை. அதனால் இவற்றை முதலில் முடிவு செய்துவிட வேண்டும்.

2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் ஒரு பழுப்புக் காகித உறைக்குள்ளிருந்து மேக்புக் ஏர் கணினியை எடுத்துக் காட்டினார். எடை ஏறத்தாழ 1.36 கிலோ. இரண்டரைக் கிலோ லேப்டாப்பைத் தோளில் சுமந்துகொண்டிருந்தவர்களுக்கு அது பெரிய ஆச்சரியம். 2011-ல் இன்டெல் நிறுவனம் அல்ட்ராபுக் என்ற பெயரில் மெல்லிய லேப்டாப்புகளை முன்னெடுத்தது. அடுத்த வருடமே 14 அங்குலத் திரையும் கார்பன் இழை கலந்த உடலுமாக லெனோவோவின் திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் வந்தது. 2019-ல் எச்பியின் எலீட் டிராகன்ஃபிளை, தொடுதிரையையும் வைத்துக்கொண்டு ஒரு கிலோவுக்குக் கீழே இறங்கியது.

இந்த இடத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அந்த டிராகன்ஃபிளை இரண்டு அளவு பேட்டரிகளோடு வந்தது. ஒன்று 38 வாட்-மணி, மற்றது 56 வாட்-மணி. பேட்டரியில் எவ்வளவு மின்சாரம் தங்கும் என்பதற்கான அளவு அது. ஒரு கிலோவுக்குக் குறைவு என்றது சின்ன பேட்டரி வைத்ததைத்தான். பெரியதை வைத்தால் கிலோவைத் தாண்டிவிடும். மற்ற நிறுவனங்களின் விவரத்தாளிலும் எடை இப்படித்தான் இருக்கும்: "இத்தனை கிலோவிலிருந்து" என்று. அந்த "இலிருந்து" முக்கியம். சின்ன பேட்டரி, தொடுதிரை இல்லாத பேனல் என்று இருப்பதிலேயே லேசான வகைக்குச் சொன்ன எடை அது. நீங்கள் கேட்கும் தொடுதிரை வகைக்கு எவ்வளவு என்று தனியாகக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சார்ஜர் எடையும் அதில் சேராது. சார்ஜர் பையில் வரும்தானே?

உங்களுக்கு எவ்வளவு எடை சரிப்படும் என்பதற்கு நான் ஒரு வழி சொல்வேன். வீட்டில் ஒரு கிலோ உப்புப் பாக்கெட் இருக்கும். ஒன்றை அலுவலகப் பையில் வைத்து, வழக்கமாகப் போகும் பஸ்ஸிலோ ரயிலிலோ ஒரு நாள் போய் வாருங்கள். மறுநாள் அதோடு ஒரு அரைக் கிலோ பாக்கெட்டையும் சேர்த்து வையுங்கள். அந்த அரைக் கிலோ உங்கள் தோளுக்குத் தெரிந்தால், அதற்காக இருபது முப்பதாயிரம் கூடுதலாகக் கொடுப்பது நியாயம். காரிலேயே போய் வருகிறவர், வாரத்துக்கு ஒரு முறைதான் வெளியே எடுப்பவர் என்றால் அந்தப் பணத்தை ராமிலும் வாரண்டியிலும் போடச் சொல்வேன்.

அடுத்து தொடுதிரை. இது புதுச் சரக்கு என்று பலர் நினைக்கிறார்கள். 1983-லேயே எச்பி நிறுவனம் எச்பி-150 என்று தொடுதிரை வைத்த மேசைக் கணினி ஒன்றை விற்றது. திரையைச் சுற்றி அகச்சிவப்புக் கதிர்கள் ஓடும், விரல் எந்தக் கதிரை மறிக்கிறது என்று பார்த்து இடத்தைக் கண்டுபிடிக்கும். அது பெரிதாக எடுபடவில்லை. நிமிர்ந்து நிற்கும் திரையைத் தொட்டுக்கொண்டே இருந்தால் கை கடுத்துப்போகும் என்று 2010-ல் ஸ்டீவ் ஜாப்ஸும் சொன்னார். 2012 அக்டோபரில் விண்டோஸ் 8 வந்த பிறகுதான் லேப்டாப்பில் தொடுதிரை பரவியது.

கை கடுக்கும் என்பது உண்மை. நாள் முழுக்க டேலி கணக்கு மென்பொருளில் பில் போடுகிற ஒருவருக்குத் தொடுதிரை தேவையே இல்லை. திரையில் கூடுதலாக ஒரு கண்ணாடி வருவதால் எடை கொஞ்சம் ஏறும், பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும், விளக்கு வெளிச்சம் அதில் பளபளக்கும். தொடுதிரையால் பயன் இல்லாத ஒருவர் இந்த மூன்றையும் ஏன் சுமக்க வேண்டும்?

யாருக்குப் பயன் என்றால், திரையை இன்னொருவரோடு பகிர்ந்துகொள்கிறவருக்கு. திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சன்டைசராக, அதாவது ஆர்டர்களைக் கவனித்துக்கொள்பவராக, இருக்கும் ஒரு பெண்ணுக்குத் தொடுதிரை லேப்டாப் ஒன்றை நான் வாங்கிக் கொடுத்தேன். திரை முழுவதுமாகப் பின்னால் மடங்கும் வகை. சரக்கு வாங்க வந்து எதிரே உட்கார்ந்திருக்கும் பையரின் முன்னால் அதைக் கூடாரம் போல நிறுத்தி வைப்பார். அந்த பையர் தன் விரலாலேயே பிரின்ட் டிசைனைப் பெரிதாக்கிப் பார்ப்பார், எந்த இடத்தில் நிறம் மாற வேண்டும் என்று பேனாவால் வட்டமிடுவார். "அண்ணா, முன்னெல்லாம் அந்தத் திருத்தத்தை ஈமெயில்ல விளக்கி எழுதறதுக்கே அரை நாள் போயிரும். இப்ப அவரே வட்டம் போட்டுத் தந்துட்டுப் போறார்" என்றார் அந்தப் பெண். வரைபடம் காட்டிப் பேசும் கட்டடப் பொறியாளர், வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்குபவர், பக்கம் பக்கமாக ஆவணம் படித்துக் குறிப்பெழுதும் வழக்கறிஞர், இவர்களுக்கெல்லாம் அது வேலை செய்யும் கருவி.

கடையில் பார்க்கும்போது திரையை விரலால் தொட்டுப் பாருங்கள். தொட்டவுடன் திரை முன்னும் பின்னும் ஆடினால் கீல் தளர்வு, அதை விட்டுவிடுங்கள். ஷோரூம் விளக்கில் எந்தத் திரையும் அழகாகத்தான் தெரியும். விற்பனையாளரிடம் கேட்டு, வாசல் வெளிச்சத்துக்கு எடுத்து வந்து ஒரு எக்செல் தாளைத் திறந்து பாருங்கள். உங்கள் முகம் தெரிகிறதா, எண்கள் தெரிகிறதா? வெளிச்சத்தை நிட்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு 400 நிட்ஸ் இருந்தால் நல்லது. பளபளப்பைக் குறைக்கும் பூச்சு போட்ட தொடுதிரையும் அலுவலக வகைகளில் கிடைக்கிறது, பெயர் சொல்லிக் கேளுங்கள்.

ராம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெல்லிய லேப்டாப்புகள் பெரும்பாலானவற்றில் ராம் சில்லுகள் தாய்ப்பலகையிலேயே பற்றவைத்து வருகின்றன. பிறகு கூட்டவே முடியாது. 16 ஜிபிக்குக் குறைந்து வாங்காதீர்கள், ஐந்து வருடம் ஓட்ட வேண்டுமென்றால் 32. எஸ்எஸ்டி சேமிப்பகத்தைப் பெரும்பாலும் பின்னால் மாற்றிக்கொள்ளலாம், அதில் பதற்றம் வேண்டாம்.

துளைகள் விஷயத்தில் எனக்கு ஒரு அனுபவம் உண்டு. எனக்குத் தெரிந்த ஆடிட்டர் ஒருவர் மிக மெல்லிய லேப்டாப் ஒன்று வாங்கினார். நான் ஊரில் இல்லாத நேரம். மாதம் 20-ஆம் தேதி, ஒரு கம்பெனிக்கு ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்யக் கடைசி நாள், மாலை ஆறு மணிக்குப் போன் அடித்தார். "தம்பி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைச் சொருக இதுல இடமே இல்லப்பா." அந்த லேப்டாப்பில் இருந்தது இரண்டு டைப்-சி துளைகள் மட்டும். டோக்கன் என்பது டிஜிட்டல் கையெழுத்தை வைத்திருக்கும், பென் டிரைவ் மாதிரியான சின்னக் கருவி, அதுவோ பழைய அகலமான யுஎஸ்பி. கம்பெனிகளுக்கு அந்தக் கையெழுத்து இல்லாமல் தாக்கல் நடக்காது. கடைசியில் பக்கத்து அலுவலகத்துப் பழைய கணினியில் உட்கார்ந்து முடித்தார். முந்நூறு ரூபாய் இணைப்பான் கையில் இல்லாததால் ஒரு மாலை முழுக்க அவர் பட்ட அவஸ்தை அது. அன்றிலிருந்து வாங்குகிறவர்களிடம் நான் சொல்வது: அலுவலகத்தில் எதையெல்லாம் சொருகுகிறீர்களோ, டோக்கன், பென் டிரைவ், புரொஜெக்டர் வயர், நெட்வொர்க் வயர், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கடைக்கு எடுத்துப் போங்கள். சொருகிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொன்று. 2024-லிருந்து குவால்காமின் ஸ்னாப்டிராகன் எக்ஸ் சில்லு வைத்த விண்டோஸ் லேப்டாப்புகள் வருகின்றன. பேட்டரி நன்றாக நிற்கிறது, சூடும் குறைவு. ஆனால் அவை ஏஆர்எம் வகை, அதாவது வழக்கமான இன்டெல், ஏஎம்டி சில்லுகளிலிருந்து வேறான கட்டமைப்பு. சாதாரண மென்பொருள்கள் பலவும் அதில் ஓடிவிடும், ஒரு கருவியைக் கணினியோடு பேச வைக்கும் டிரைவர் மென்பொருள்கள் அப்படி இல்லை. பிரின்டர், ஸ்கேனர், கையெழுத்து டோக்கன் போன்றவற்றின் டிரைவர் ஏஆர்எம்முக்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். உங்கள் கருவிக்கு அப்படி ஒன்று இருக்கிறதா என்று உறுதி செய்யாமல் அந்த வகையை வாங்க வேண்டாம். எழுத்து வேலை, இணையம், கூட்டம் என்று இருப்பவருக்கு அது மிக நல்ல தேர்வு.

ஒரே நிறுவனம் வீட்டு வகை, அலுவலக வகை என்று இரண்டும் விற்கும். லெனோவோவில் திங்க்பேட், எச்பியில் எலீட்புக், டெல்லில் லேட்டிட்யூட் (2025-லிருந்து அதற்கு டெல் ப்ரோ என்று பெயர்) ஆகியவை அலுவலக வகை. பளிச்சென்று இல்லாவிட்டாலும் நான் இவற்றைத்தான் சிபாரிசு செய்கிறேன். மூன்று வருடத்துக்கு இடத்துக்கே வந்து சரிசெய்யும் வாரண்டியை இவற்றுக்குத் தனியாக வாங்கிக்கொள்ள முடியும். தொடுதிரை உடைந்தால் பெரும்பாலும் கண்ணாடியை மட்டும் மாற்ற முடியாது, முழுத் திரைப் பாகத்தையும் மாற்ற வேண்டியிருக்கும். அதனால் விபத்துக் காப்பையும் சேர்த்தே வாங்குங்கள். இந்த மூன்று நிறுவனங்களும் பழுதுபார்க்கும் கையேட்டை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. வாங்கும் முன் அதைத் திறந்து பேட்டரியை எப்படிக் கழற்றுகிறார்கள் என்று பாருங்கள். நாலைந்து திருகாணி என்றால் மூன்றாம் வருடம் பேட்டரி தளர்ந்தாலும் கவலையில்லை.

ராணுவத் தரம் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். அது எம்ஐஎல்-எஸ்டிடி-810 என்ற அமெரிக்கச் சோதனை முறை. அதில் பல சோதனைகள் உண்டு, எவற்றைச் செய்வது என்று தயாரிப்பவரே தேர்ந்துகொள்கிறார். அதை நம்பி யாரும் கீழே போட்டுவிட வேண்டாம்.

பணக் கணக்கும் பார்த்துவிடலாம். லேப்டாப்புக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். தொழிலுக்காக வாங்குகிறவர் கடைக்காரரிடம் தன் ஜிஎஸ்டி எண்ணை முதலிலேயே கொடுத்து அந்த எண்ணோடு பில் வாங்கினால், 1,18,000 ரூபாய் பில்லில் 18,000 ரூபாயை உள்ளீட்டு வரியாக, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்து, எடுத்துக்கொள்ளலாம். விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இது கிடையாது. வருமான வரியில் கணினிக்குத் தேய்மானம், அதாவது வருடா வருடம் செலவாகக் கழித்துக்கொள்வது, 40 சதவீதம். வாங்கிய வருடத்தில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் அதில் பாதிதான். அதனால் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்கும் மாதத்தை முடிவு செய்யுங்கள்.

சரி, வாங்கியாயிற்று. லேசான லேப்டாப் நிறைய ஊர் சுற்றும், பஸ்ஸிலும் ஹோட்டலிலும் மறந்து வைத்துவிடவும் வாய்ப்பு அதிகம். உள்ளே உங்கள் வாடிக்கையாளர்களின் கணக்கு இருக்கிறது. விண்டோஸ் ப்ரோ பதிப்பில் பிட்லாக்கர் என்ற பூட்டு உண்டு. அது போட்டிருந்தால் லேப்டாப்பை எடுத்தவர் எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலும் எதையும் படிக்க முடியாது. அதை முதல் நாளே போடுங்கள். போடும்போது 48 இலக்கத்தில் ஒரு மீட்பு எண் தரும். ஏதாவது பழுதுக்குப் பிறகு லேப்டாப் அந்த எண்ணைக் கேட்டால், உங்களாலும் அது இல்லாமல் உள்ளே போக முடியாது. அதை அச்செடுத்து, லேப்டாப் பையில் வைக்காமல், அலுவலகப் பீரோவில் பில்லோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.

வாய்ப்புத் தந்த நிலையத்தாருக்கும் கேட்டுக்கொண்டிருந்த உங்களுக்கும் நன்றி. வணக்கம்.