பள்ளிக்கூடத்துக்குப் பணம் எந்த மாதம் வருகிறது?

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

2025-26ஆம் ஆண்டுத் தமிழ்நாடு பட்ஜெட்டில் பள்ளிக் கல்வித் துறைக்கு ஒதுக்கிய தொகை 46,767 கோடி ரூபாய். அதற்கு முந்தைய ஆண்டில் 44,042 கோடி. தொகை கூடியிருக்கிறது, மகிழ்ச்சிதான். ஆனால் அரசுப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு இந்த எண்களைப் பார்த்ததும் வருகிற கேள்வி வேறு. இதில் பள்ளிக்கூடத்தின் கைக்கு வருவது எவ்வளவு? அது எந்த மாதம் வரும்?

பெரும்பகுதி ஆசிரியர், அலுவலர் சம்பளத்துக்குப் போகிறது. அதை வீண் செலவு என்று சிலர் பேசுவதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். ஆசிரியர் இல்லாமல் எந்தப் பள்ளியும் இல்லை. சம்பளம் கருவூலம் வழியாக மாதம் தவறாமல் வந்துவிடும். சிக்கல் அதற்கு அடுத்த அடுக்கில், அதாவது திட்ட நிதியில் இருக்கிறது.

உதாரணமாக, ஒன்றிய அரசும் மாநில அரசும் சேர்ந்து பணம் போடுகிற ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பள்ளி மானியம். மாணவர் எண்ணிக்கையை வைத்து இது கிடைக்கும். 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய், 100 பேர் வரை 25,000, 250 பேர் வரை 50,000. இதில் குறைந்தது பத்து சதவீதம் தூய்மைப் பணிக்கு. சாக்பீஸ், பதிவேடு, பினாயில், குழாய் ரிப்பேர், உடைந்த ஜன்னல் எல்லாம் இதற்குள்தான். சென்னையில் இருந்து பார்த்தால் சின்னத் தொகை. 80 பிள்ளைகள் படிக்கிற கிராமத்துத் தொடக்கப் பள்ளிக்கு அந்த 25,000தான் ஆண்டு முழுவதற்குமான கைச்செலவு.

பள்ளி திறப்பது ஜூனில். மானியம் பல ஆண்டுகளில் அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகுதான் எட்டிப் பார்க்கும். ஒரு வருடம் எங்கள் பள்ளியில் தண்ணீர் மோட்டார் ஜூலையில் எரிந்துபோனது. தெரிந்த கடைக்காரர் கடனுக்குச் சுற்றிக் கொடுத்தார். மானியம் வந்தது ஆண்டுத் தேர்வு நெருங்கும்போது. வந்த வாரத்திலேயே ‘மார்ச் 31க்குள் செலவு செய்து யூ.சி. கொடுங்கள்’, அதாவது செலவழித்ததற்கான பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுங்கள் என்று அலுவலகத்திலிருந்து போன் வந்துவிட்டது. ஒன்பது மாதத்துக்கு மேல் காத்திருந்த பள்ளிக்குச் செலவழிக்கக் கிடைத்தது மூன்று வாரம். அந்த அவசரத்தில் தேவையானதை வாங்க நேரம் இருக்காது, கடையில் இருப்பதைத்தான் வாங்க முடியும்.

இது ஏன் நடக்கிறது? ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஒன்றிய அரசின் பங்கு 60 சதவீதம், மாநிலத்தின் பங்கு 40. ஒன்றியப் பங்கு தவணையாக வரும். முந்தைய தவணைக்குக் கணக்குக் காட்டினால்தான் அடுத்தது. ஒரு இடத்தில் கோப்பு நின்றால் கீழே எல்லாம் நிற்கும்.

2024-25இல் ஒன்றியப் பங்கு முழுசாகவே நின்றது. பி.எம்.ஸ்ரீ என்ற ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை. அதில் கையெழுத்திட்டால் புதிய கல்விக் கொள்கையை ஏற்றதாகும் என்பது மாநிலத்தின் நிலை. அதைக் காரணமாக்கி, வேறொரு திட்டமான ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வரவேண்டிய 2,152 கோடி ரூபாய் நிறுத்தப்பட்டது. அந்தக் கொள்கை சொல்கிற மும்மொழி வேண்டுமா வேண்டாமா என்று நாம் எத்தனை நாள் வேண்டுமானாலும் வாதாடலாம், வாதாடத்தான் வேண்டும். ஆனால் மாற்றுத்திறன் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற சிறப்புப் பயிற்றுநரின் சம்பளமும் இதே நிதியில்தான் இருக்கிறது. அந்தக் குழந்தைக்கும் இந்த வாதத்துக்கும் என்ன சம்பந்தம்? ஒரு திட்டத்துக்கான பணத்தை இன்னொரு திட்டத்துக்கான நெருக்கடியாக மாற்றியது தவறு என்றே நான் நினைக்கிறேன். மாநில அரசு தன் சொந்த நிதியிலிருந்து சமாளித்தது. 2025 மே மாதம் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கும் போனது.

கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கான 25 சதவீத இடத்தையும் இந்த இழுபறி விடவில்லை. வழக்கமாக ஏப்ரலில் தொடங்கும் சேர்க்கை 2025இல் அக்டோபரில்தான் தொடங்கியது. அதற்குள் பாதிப் பள்ளி ஆண்டு போய்விட்டது. ஜூனில் கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளை எல்.கே.ஜி.க்கு அதுவரை எங்கே போயிருக்கும்?

இதற்கு நேர் எதிரான அனுபவமும் நமக்கு இருக்கிறது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தைச் சொல்கிறேன். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியபோது 1,545 பள்ளிகள், 33.56 கோடி ரூபாய். 2023 ஆகஸ்டில் திருக்குவளையில் தொடங்கி மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. 2025-26 பட்ஜெட்டில் 600 கோடி. முழுக்க மாநில நிதி. திங்கட்கிழமை உப்புமா என்றால் திங்கட்கிழமை காலையிலேயே அது தட்டில் விழுந்தாக வேண்டும், பிப்ரவரியில் சேர்த்துப் போட முடியாது. அதனால் பணமும் நேரத்துக்குப் போகிறது. முடியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நீங்கள் கட்டும் வருமான வரியின் மேல் நான்கு சதவீதம் சுகாதார, கல்வி செஸ், அதாவது கூடுதல் வரி, பிடிக்கிறார்களே, அதில் மாநிலங்களுக்குப் பங்கு கிடையாது. அரசமைப்புச் சட்டத்தின் 270ஆவது பிரிவு செஸ்ஸைப் பங்கீட்டிலிருந்து விலக்கிவைக்கிறது. பள்ளிகளை நடத்துவது மாநிலம், கல்வியின் பெயரில் வசூலாவது ஒன்றியத்துக்கு. இதைப் பெற்றோர்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

சரி, நம்மால் என்ன செய்ய முடியும்? பட்ஜெட்டோடு ஒவ்வொரு துறைக்கும் வெளியாகும் மானியக் கோரிக்கைப் புத்தகத்தில் ஒவ்வொரு திட்டத்துக்கும் முந்தைய ஆண்டின் உண்மைச் செலவு, நடப்பு ஆண்டின் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு என்று தனித்தனி எண்கள் இருக்கும். செய்தியில் வருவது கடைசி எண் மட்டும். முதல் எண்ணைத் தேடிப் பாருங்கள். ஒதுக்கியதில் எவ்வளவு செலவானது என்று அப்போதுதான் புரியும். அப்புறம், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பள்ளி மானியம் எந்தத் தேதியில் கணக்குக்கு வந்தது என்று கேளுங்கள். அந்தத் தேதியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். அதையே கிராம சபையிலும் படியுங்கள்.

அரசிடம் நான் கேட்பது இதுதான். பள்ளி மானியத்தில் பாதியை ஒன்றியப் பங்குக்குக் காத்திராமல், ஜூன் முதல் வாரத்திலேயே மாநில நிதியிலிருந்து விடுவிக்க வேண்டும். ஒன்றியத்தின் தவணை வந்ததும் அதில் ஈடுசெய்துகொள்ளலாம். காலை உணவுக்குச் செய்வதை மோட்டாருக்கும் சாக்பீஸுக்கும் செய்யச் சொல்கிறேன். நன்றி, வணக்கம்.